தேடுபொறியும் தேடாத பிள்ளையும்

அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்: நாற்பது பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் கொடுத்தேன். விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது எது, சொந்தமாக எழுதியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்பறிய வேண்டாம் டீச்சர். தலைப்புக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ‘தொகு’ என்று இருக்கிறதா பாருங்கள். அது பையன் உங்களுக்கு இட்ட கட்டளை அல்ல, பக்கத்தைத் திருத்த விக்கிப்பீடியா வைத்திருக்கும் பொத்தான். அதையும் விடாமல் ஸ்கெட்ச் பேனாவில் கலர் கலராக எழுதி, அடிக்கோடும் போட்ட ஒருவன் எல்லா வகுப்பிலும் உண்டு. அவனுக்கு உழைப்புக்காக இரண்டு மார்க்.

ஆனாலும் ‘டெங்கு பற்றி ஒரு பக்கம் எழுதுக’ என்று நாற்பது பேரையும் கேட்டால் நாற்பது பிரதிதான் வரும். ‘போன மழைக்கு நம் தெருவில் யார் யாருக்கு டெங்கு வந்தது, தண்ணீர் எங்கே தேங்கியது?’ என்று கேட்டுப் பாருங்கள். விக்கிப்பீடியாவே முழிக்கும்!

பதினொன்றாம் வகுப்பு மாணவன், நாமக்கல்: விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்கிறார் எங்கள் சார். அவ்வளவு மோசமா அங்கிள்?

2005-இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து நிபுணர்களிடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு பிழை, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று. பிரிட்டானிக்கா கொதித்தெழுந்து மறுத்தது தனிக்கதை. நீ தாராளமாகத் தொடு, ஆனால் அடியிலிருந்து தொடு. கீழே அடிக்குறிப்பு வரிசை இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு மூல நூலுக்குப் போ. சாரிடம் அந்த நூலின் பெயரைச் சொல். வழி காட்டியவரை மேடையில் ஏற்ற வேண்டியதில்லை.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: மகன் இங்கிலீஷ் மீடியம். தமிழில் தேடு என்றால் ‘அதில் ஒன்றும் வராது’ என்கிறான்.

‘ஜல்லிக்கட்டு’ என்று இரண்டு மொழியிலும் தேடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2017 மெரினா போராட்டமும் முன்னால் வந்து நிற்கும். தமிழில் கேட்டால் வாடிவாசலும் மாட்டு வகையும் அலங்காநல்லூரும் வரும். ஒன்றில் வழக்கு, மற்றதில் மாடு. இரண்டும் இருந்தால்தான் கட்டுரை. ஒரு மொழி மட்டும் தெரிந்த பையனுக்குப் பாதிதான் கிடைக்கும். உங்கள் மகனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, ஒன்றை மூடிக்கொண்டு ‘தெரியவில்லை’ என்கிறான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, ராமநாதபுரம்: தனுஷ்கோடிப் புயலில் இறந்தவர் எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதை எழுதுவது மாமா?

சபாஷ், இந்த வாரப் பரிசு உனக்குத்தான்! 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிக்குப் பயணிகளோடு வந்த ரயில் புயலில் கடலுக்குள் போனது. டிக்கெட் வாங்கியவரை எண்ணிச் சொன்னவர் ஒரு கணக்கு, வாங்காமல் ஏறியவரையும் சேர்த்துச் சொன்னவர் வேறு கணக்கு. எல்லா எண்ணையும் எழுது, யார் சொன்னது என்றும் பக்கத்திலேயே எழுது. அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு, ராமேஸ்வரத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவரைத் தேடிப் போய் உட்கார். அவர் சொல்வது எந்த மொழி விக்கிப்பீடியாவிலும் இருக்காது.

கல்லூரி மாணவர், திருச்சி: ஒரு வெப்சைட் நம்பத் தகுந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘எங்களைப் பற்றி’ பகுதியைப் படித்தால் போதுமா?

பெண் எப்படி என்று பெண் வீட்டிலேயேவா விசாரிப்பார்கள்? தெருமுனை டீக்கடையில் அல்லவா! ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. வரலாற்று முனைவர் 10 பேர், மாணவர் 25 பேர், பத்திரிகைகளில் தகவல் சரிபார்ப்பவர் 10 பேர். முனைவர்களில் பலரே லோகோவையும் பக்க அழகையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை முழுக்கப் படிக்கவே இல்லை. சட்டென்று வேறு டேப் திறந்து, இவனைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள்.

பிளஸ் டூ மாணவர், வேலூர்: சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியூயார்க்கில் இரண்டு வக்கீல்களும் இப்படித்தான் நினைத்தார்கள். அது கொடுத்த முன்தீர்ப்புகளை மனுவில் போட்டார்கள். அப்படி வழக்குகளே நடந்ததில்லை. 2023-இல் 5,000 டாலர் அபராதம். உனக்குப் பரவாயில்லை, இன்டர்னல் மார்க்கோடு போய்விடும்.

தமிழாசிரியர், விழுப்புரம்: பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியம் இணையத்தில் கிடைக்கிறதா? மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பத்துத் தொகுதியும் இலவசம். தாராளமாகக் கொடுங்கள், ஆண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். முதல் தொகுதி 1954, கடைசித் தொகுதி 1968. அதில் மனிதன் இன்னும் நிலாவுக்குப் போகவில்லை!

அதே ஆசிரியர்: பழைய புத்தகங்களின் பிடிஎஃப்பில் சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லையே?

பல பிடிஎஃப்கள் வெறும் போட்டோ ஐயா. உங்கள் கண்ணுக்குத்தான் எழுத்து, கணினிக்குப் படம். முன்னால் பொருளடக்கம், பின்னால் சொல்லடைவு என்று இரண்டு பழைய தேடுபொறிகள் உண்டு. சார்ஜ் போட வேண்டாம்.

தந்தை, சிங்கப்பூர்: மகளுக்குத் தமிழ் வீட்டோடு சரி. ஆராய்ச்சி அளவுக்கு எப்படிக் கொண்டுபோவது?

உங்கள் ஊர் தேசிய நூலக வாரியம் பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மகள் பிறந்த தேதியைப் போல ஏதாவது ஒரு தேதி, ஐம்பது வருடம் முன்னால். அன்றைய ஆங்கிலப் பத்திரிகையும் பக்கத்தில். ஒரே ஊர், ஒரே நாள், முதல் பக்கம் மட்டும் வேறு. ஏன் என்று அவளே கேட்பாள். நீங்கள் சும்மா இருந்தால் போதும்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், நீலகிரி: எல்லாம் சரி. எங்கள் ஊரில் நெட்டே வராது.

‘கிவிக்ஸ்’ என்றொரு இலவச மென்பொருள். ஊட்டிக்கு வரும்போது தமிழ் விக்கிப்பீடியாவை பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போங்கள். நெட் இல்லாத கணினியிலும் திறக்கும். நடுவில் ரீல்ஸ் வராது என்பது கூடுதல் நன்மை.

பொறியாளர், சென்னை: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளின் ப்ராஜெக்டை இரவெல்லாம் விழித்து நான்தான் செய்தேன். வெறும் ‘நன்று’ போட்டிருக்கிறார்கள். அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். ஐந்தாம் வகுப்பில் இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம் நீங்கள்.