கோரம் சேராத கூட்டம்

வாங்க வாத்தியார் தம்பி, திண்ணையில உக்காருங்க. பெத்தவங்க கூட்டத்துக்கு ஆளே வரலைன்னு நொந்துக்கிட்டீங்களாமே? டீக்கடை வரைக்கும் சேதி வந்திருச்சு. நீங்க செஞ்ச ஏற்பாடு ஒண்ணும் வீண் போகல தம்பி. யாரும் வரக்கூடாதுன்னே உக்காந்து யோசிச்சாக்கூட இவ்வளவு பக்குவமா நாள் குறிக்க முடியாது.

புரட்டாசியில சம்பா நடவு. ஊர்ல எந்தப் பொம்பளை கையும் சும்மா இல்ல. அப்பப் பாத்து வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம். நாத்து முடியை வயல்ல போட்டுட்டு அவ பாதியில கரையேறி வந்தா, அன்னைக்குக் கூலியை நீங்க தருவீங்களா, மாவட்டக் கல்வி அலுவலர் தருவாரா? கடைத்தெரு பாய், ஜும்மா தொழுகை முடிச்சுச் சாப்பிட்டு மறுபடி கடையைத் திறக்குற நேரமும் அதுதான். ஆகமொத்தம் வந்தது, வேலைவெட்டி இல்லாத நானும் நாலு ஆடும். ஆடு கையெழுத்துப் போடல, கோரம் சேரல.

2022 மார்ச் 20-ஆம் தேதி மாநிலம் பூரா அரசுப் பள்ளிக்கூடங்கள்ல ஒரே நாள்ல பெத்தவங்களைக் கூட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? அது ஞாயித்துக்கிழமை. மேல உக்காந்திருக்கிறவங்களுக்கே ஒரு தடவை கிழமை பாக்கத் தோணிருக்கு.

சட்டம் என்னவோ உங்களை நல்லாத்தான் மாட்டி விட்டிருக்கு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும், நலிஞ்ச சனத்துக்கு அவங்க பிள்ளைங்க கணக்குக்கு ஏத்த இடம் வேணும்னு எழுதி வச்சிருக்கு. 2022-ல நம்ம அரசாங்கம் 20 பேர் குழு அமைச்சப்ப அதுல 15 பேர் பெத்தவங்க. தலைவர் நாற்காலியில ஒரு தாய். பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன வேணும்னு திட்டம் போடுறது, வந்த பணம் எங்க போச்சுன்னு கேக்குறது எல்லாம் அவங்க சோலி. நம்ம பள்ளிக்கூடத்துத் தலைவி யாரு தம்பி? பாருங்க, நோட்டைப் புரட்டுறீங்க. அந்த நோட்டை ஒரு பையன்கிட்டக் குடுத்து அவ வீட்டுக்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கிறதா அந்தப் பையனே சொன்னான். புத்திசாலிப் பையன், ஒருநாள் அவனும் தலைமை ஆசிரியர் ஆயிருவான்.

நம்ம சீமையில ஒரே மாதிரி சனமா இருக்கு? கும்பகோணத்துல தறிக்காரங்க வீட்டுக்குள்ள சௌராஷ்டிரம். தஞ்சாவூர் கோட்டைக்குள்ள இன்னமும் மராட்டி பேசுற வீடு உண்டு. ஊருக்கு வெளிய கூடாரம் போட்டிருக்கிற நரிக்குறவர் பிள்ளை வாக்ரிபோலியில அம்மாவைக் கூப்பிடும். பூம்பூம் மாட்டுக்காரர் வீட்டுல தெலுங்கு கலந்த பேச்சு. இப்ப நடவுக்கு மேற்கு வங்காளத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நாளைக்கே ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையோட வந்து இறங்கினா, அந்தப் பிள்ளை உங்க ஒண்ணாம் வகுப்புலதான் வந்து உக்காரும். நீங்க என்ன செய்யுறீங்க? எல்லாருக்கும் ஒரே சுற்றறிக்கை. 'பெற்றோர்கள் தவறாது கலந்துகொள்ள வேண்டும்.' அந்தத் தமிழை எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியுது.

அதுக்கு மேல, சேர்க்கைக்கு வர்ற நாடோடிக் குடும்பத்துக்கிட்டப் பிறப்புச் சான்றிதழ் எங்க, சாதிச் சான்றிதழ் எங்க, வீட்டு விலாசம் எங்கன்னு வரிசையா கேக்குறீங்க. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுனா நெல்லைத் திருப்பி அனுப்புற கொள்முதல் நிலையம்தான் ஞாபகத்துக்கு வருது. நெல்லையாவது நாலு நாள் காய வைக்கலாம். கூடாரத்துல பொறந்த பிள்ளைக்கு விலாசத்தை எந்த வெயில்ல காய வைக்கிறது? வயசுக்குச் சான்று இல்லைங்கிறதுக்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கவே 2023 ஜனவரி வரைக்கும் ஆச்சு. அரசாங்கத்துக்கே அத்தனை வருஷம் பிடிச்ச காகிதத்தை, நீங்க திங்கக்கிழமைக்குள்ள கொண்டாங்கன்னு சொல்றீங்க.

கிழக்க ஒரு நாள் போய்ட்டு வாங்க. நாகப்பட்டினம் பக்கம் சிக்கல்ல வானவில்னு ஒரு பள்ளிக்கூடம். 2004 டிசம்பர் சுனாமிக்கப்புறம் நிவாரண வேலைக்கு வந்த எழுத்தாளர் பிரேமா ரேவதி, பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் பிள்ளைங்க தெருவுல கையேந்தி நின்னதைப் பாத்துத் தொடங்கினது. கடலோரத்துல வீடு போனவனுக்கு வீடு போச்சுன்னு கணக்கு எழுதலாம். வீடே இல்லாதவனுக்கு எதை எழுதுறது? பள்ளிக்கூடம் வச்சா மட்டும் அந்தச் சனம் பிள்ளையை அனுப்பிருமா? மாடு ஓட்டிக்கிட்டு ஊரூராப் போறவனுக்கு, பிள்ளையை ஒரு இடத்துல விட்டுட்டுப் போறதுங்கிறது சாமானியமான காரியம் இல்ல. அதனால அங்க பிள்ளைங்க தங்கிப் படிக்கவும் இடம் இருக்கு. பள்ளிக்கூடம் குடும்பத்தோட பொழப்பைப் பாத்து வளைஞ்சு குடுத்திருக்கு. நீங்க மூணு மணியை நாலரைக்குத் தள்ளுறதுக்கே மேலிடத்து உத்தரவு வேணுங்கிறீங்க.

சோறுன்னு வந்தா நம்ம டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்ல. 2023 ஆகஸ்ட் 25-ல திருக்குவளையில வச்சுத்தான் காலை உணவுத் திட்டத்தை மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிச்சாங்க. அதுல எனக்குப் பிடிச்ச சங்கதி, சமைக்கிறவ மகளிர் குழுக்காரி, அவ பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்துல படிக்கணும்னு வச்ச ஏற்பாடு. விடியுறதுக்கு முன்னாலயே ஒரு தாய் உங்க வளாகத்துக்குள்ள வந்து அடுப்பு மூட்டுறா தம்பி. எந்தப் பிள்ளை பசியோட வருது, எது ரெண்டு நாளா வரல, எவன் வீட்டுல சண்டை, எல்லாம் அவளுக்கு அத்துபடி. அவகிட்ட என்னைக்காவது உப்புமாவுல உப்பு கம்மிங்கிறதைத் தவிர வேற ஏதாவது பேசியிருக்கீங்களா?

அதே வருஷம் கரூர்ப் பக்கம், சமைக்கிறவ தலித்துன்னு சொல்லிச் சிலர் பிள்ளைங்களைச் சாப்பிட விடல. கலெக்டரே போய் உக்காந்து சாப்பிட வேண்டியதாப் போச்சு. நம்ம ஊர்ல அப்படி ஒரு தகராறும் கிடையாது. எப்படி இருக்கும்? காலனித் தெருப் பொம்பளையைச் சமையலுக்கு எடுத்தாத்தானே? நாங்க பெரிய மனுசங்க. பிரச்சினையை வாசல்லயே நிறுத்திருவோம். உங்க குழுவிலயும் அந்தத் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கு, பெஞ்சுலதான் இடம் இருக்காது; சுவத்துல சாஞ்சு நிப்பாங்க. நீங்க அதைப் பாக்காம கரும்பலகையைப் பாத்துப் பேசுவீங்க. நானும் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருப்பேன்.

சரி, வந்த காரியத்துக்கு வருவோம். அடுத்த கூட்டம் நடவு முடிஞ்ச பிறகு, ராத்திரி ஏழு மணிக்கு. பள்ளிக்கூடத்துல வேண்டாம், காலனித் தெருவுல மாரியம்மன் கோயில் வாசல்ல. சுற்றறிக்கை எழுதாதீங்க, வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க. உங்க வண்டி உள்ள போகாது, இறங்கி நடக்கணும். போனா முதல் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காதீங்க. தலைவியைப் பேசச் சொல்லுங்க. அவளுக்குக் கூச்சம்னா சமையக்காரப் பொண்ணைப் பேசச் சொல்லுங்க. கூடாரத்துச் சனத்தை மறந்துறாதீங்க. அவங்க பேச்சு உங்களுக்குப் புரியாட்டி அஞ்சாம் வகுப்புல இருக்கிற அவங்க பிள்ளை மாத்திச் சொல்லும்.

நானும் வர்றேன். இந்தக் கால்ல அந்தத் தெருவுக்குப் போய் நாப்பது வருஷம் இருக்கும், வழி தெரியுமான்னு பாக்கணும். டீச் செலவு என்னோடது. போட்டோ மட்டும் எடுக்காதீங்க. வாட்ஸப்புல வந்துச்சுன்னா என் மூத்தவன் வீட்டுல சோறு போட மாட்டான்.