குமுளிக்கு நாலு மணி நேரம்

சூதாடுகிறவருக்கு எல்லா ஊரிலும் ஒரே புத்திமதிதான்: அளவோடு ஆடு. அந்த அளவை யார் கையில் கொடுப்பது என்றுதான் எவரும் சொல்வதில்லை. இரண்டாயிரத்தை விட்டவன் கையிலா? அவனுக்கு அப்போது தெரிந்த ஒரே கணக்கு, 'விட்டதைப் பிடிக்கணும்'. ஆகவே அளவைத் தூரத்திடம் ஒப்படைக்கலாம் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது. மதுரைக்காரருக்கு ஆசை விடவில்லை என்றால் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் தாண்டி, லோயர் கேம்ப்பில் மலையேறி, லாட்டரி விற்கிற கேரளத்துக் குமுளியில் இறங்க வேண்டும். சுமார் 135 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ரிசல்ட் வரும்போது ஆள் மதுரையில், கடை கேரளத்தில். கோபம் ஆறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் செய்ததில்லை.

'2023 கேரள ஓணம் பம்பர் லாட்டரியில் 25 கோடி திருப்பூர்ப் பக்கத்து நாலு பேருக்குத்தானே விழுந்தது?' என்பார்கள். விழுந்தது, மறுக்கவில்லை. அந்த வருஷம் விற்றது சுமார் 75 லட்சம் சீட்டு. 2011 கணக்கெடுப்பில் மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டத்து ஜனமும் சேர்ந்தே ஏறக்குறைய 64 லட்சம். தொட்டில் பிள்ளை உட்பட அத்தனை பேரையும் தமுக்கம் மைதானத்தில் நிறுத்தி (கொள்ளாது, ஒரு பேச்சுக்கு), கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தரைத் தொட்டால் அது நீங்களாக இருக்க வேண்டும். அப்படியும் வரிசையில் இன்னும் 11 லட்சம் பேர் பாக்கி. இது தெரிந்தும் 500 ரூபாய் கொடுப்பவரை ஏமாளி என்று சொல்ல மாட்டேன். ரிசல்ட் வரும்வரை மனசுக்குள் கட்டிய பங்களாவுக்கு அது வாடகை. சினிமா டிக்கெட் மாதிரி செலவில் எழுதினால் சரி. முதலீட்டில் எழுதுகிறவரைத்தான் அடகுக் கடைக்காரர் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார்.

ஆன்லைன் ரம்மி இந்தத் தூரத்தைத்தான் தின்றது. தோற்ற ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே உசிலம்பட்டி கிடையாது. ரம்மி திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னதே என்றால், வாஸ்தவம். சீட்டுச் சேர்க்கத் திறமை வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோகிற திறமை வேறு. அதற்கு ஜோக்கர் உதவாது. அதனால்தான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதி போட்டது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு எச்சரிக்கை. போனுக்குள் ஒரு மலைப்பாதையைப் போட்டுப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

தடைதான் வந்தாச்சே, பிறகென்ன என்பவருக்கு மூணு நம்பர் லாட்டரியை ஞாபகப்படுத்துகிறேன். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து, டீக்கடை ஓரத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிற திருட்டு வியாபாரம். சீட்டை ஒழித்த ஊரில் குமுளியையே தெருமுனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பஸ் காசு மிச்சம். அந்தத் துண்டுக் காகிதத்தைத் தொடாதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் குமுளிக்கே போய் வாருங்கள். ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கட்டும். சட்டைப்பையில் 500 ரூபாயும், போக வர பஸ் காசும் போதும்.