நம்பர் இல்லாத டிவி

எங்கள் வீட்டு ஸ்மார்ட் டிவிக்கு வயது ஏறியதும் ஸ்மார்ட் போய்விட்டது, டிவி மட்டும் மிச்சம். படம் இன்றும் பளிச். ஆப்புகள்தான் ‘இந்த டிவியில் இனி வேலை செய்யாது’ என்று ஒவ்வொன்றாகக் கைகழுவிவிட்டன. புது டிவி வாங்கலாம் என்றேன். “படம் தெரியுதுல்ல?” என்றாள் மனைவி. பட்ஜெட் விவாதம் அத்துடன் முடிந்தது. ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்குவது என்று தீர்மானம்.

எது நல்லது என்று ஆபீஸில் வாய் தவறிக் கேட்டால் சாதிச் சண்டைதான். ஆப்பிள் கட்சிக்காரர் தன் பெட்டியைப் பற்றிப் பேசும்போது குரலே தழுதழுக்கும். அந்தப் பெட்டியின் 2022 மாடல் இங்கே வந்தபோது ஆரம்ப விலை 14,900 ரூபாய். அதற்கு 32 இஞ்ச் டிவியே வரும். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2017-இல் இந்தியாவுக்கு வந்தபோது 3,999 ரூபாய்; நடுத்தர வர்க்கம் மூச்சுவிடக்கூடிய தொகை. கூகுளின் முதல் குரோம்காஸ்டுக்கு (2013) ரிமோட்டே கிடையாது, போன்தான் எல்லாம். வீட்டுக்காரர் போனோடு மாடிக்குப் போனால் சீரியலின் கடிவாளமும் கூடவே மாடியேறிவிடும். நியூஜெர்சி மச்சான் “ரோக்கு வாங்கிட்டு வரவா மாமா?” என்றான். அங்கே அது 2008-லிருந்து விற்பனையில் இருக்கிறது. இங்கே ரிப்பேர் என்றால் யாரிடம் போவது?

ஸ்டிக்கின் அட்டைப்பெட்டிமேல் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். டிவி வெறும் ஃபுல் ஹெச்டி என்றால் அதனால் படத்துக்கு ஒரு லாபமும் இல்லை. யாரும் சொல்லாதது கரண்ட் சமாசாரம். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே உறிஞ்சவிட்டால், பல ஸ்டிக்குகள் போதாமல் நடுவில் அணைந்து எழும், அதுவும் வில்லன் உண்மையை ஒப்புக்கொள்ளும் நேரமாகப் பார்த்து. கூட வரும் அடாப்டரைச் சுவரில் மாட்டுவதே நல்லது. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவர் என்றால் அதற்கு ஆகாது. எங்கள் ரவுட்டர் பூஜையறை அலமாரியில் இருக்கிறது. பிள்ளையாருக்கு ஃபுல் சிக்னல்.

இத்தனையும் அலசி முடித்த பிறகு அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: “இதுல சன் டிவி எத்தனாம் நம்பர்?”

நம்பர் கிடையாது. ஆப்பைத் திறந்து, லைவ் எங்கே என்று தேடி, அம்புக்குறியால் நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். டிடிஹெச் நம்பர்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவளிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆகவே டிடிஹெச்சும் இருக்கும், ஸ்டிக்கும் வரும் என்று சமரசம். ராம், பிராசஸர் எல்லாம் பின்னுக்குப் போய், ரிமோட்டில் பொத்தான் எதில் குறைவு என்று பார்த்து வாங்கினேன். அதிலும் நாங்கள் சந்தா கட்டாத கம்பெனிகளுக்கென்றே தனித்தனிப் பொத்தான். நம் காசில் அவர்கள் போர்டு. எந்தக் கம்பெனி ஸ்டிக் என்று சொல்ல மாட்டேன், நாளை ஆபீஸ் போக வேண்டும்.

மாட்டியதும் திரை கேட்டது: “யார் பார்க்கிறீர்கள்?”

“எல்லாருந்தான்னு போடு” என்றாள் அம்மா.

அப்படி ஒரு கட்டம் இல்லை. அதனால் குடும்பமே என் பெயரில் பார்க்கிறது. எனக்குப் பிடிக்கும் என்று அது இப்போது சிபாரிசு செய்பவை: கொரியக் காதல் தொடர், பேய்ப் படம், பேசுகிற பன்றிக்குட்டி. பன்றிக்குட்டி பரவாயில்லை.