எரிமலைக்கு ஒரு நாள் டூர்

1883 மே மாதம். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே, சுண்டா ஜலசந்தியில், இருநூறு வருஷமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கிரகடோவா எரிமலைத் தீவு திடீரென்று புகைய ஆரம்பித்தது. புத்தியுள்ளவன் எதிர்த்திசையில் ஓடுவான். ஜாவாவின் பட்டாவியா நகரத்து டச்சுத் துரைமார்கள் கப்பல் டிக்கெட் வாங்கினார்கள். 'கவர்னர் ஜெனரல் லௌடன்' என்ற நீராவிக் கப்பல் மே 27 அன்று எண்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தீவுக்கே கூட்டிப்போனது. சிலர் சாம்பலில் கால் புதையப் புதைய மேலே ஏறி, எரிமலையின் வாயை எட்டிப் பார்த்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

பார்த்தது வாயைத்தான், விவகாரம் வயிற்றில். இந்தியப் பெருங்கடலின் அடித்தரையான பாறைத் தட்டு வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்து வந்து ஜாவாவுக்கு அடியில் நுழைகிறது. கவர்னர் ஜெனரலிடம் அனுமதி வாங்கவில்லை. குளிர்ந்து கனத்த தட்டு என்பதால் கீழே போவது அதன் தலையெழுத்து. அந்தத் தட்டே உருகித்தான் எரிமலையாகிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். தட்டு அவ்வளவு ஏமாளி இல்லை. கோடிக்கணக்கான வருஷம் கடலுக்கடியில் கிடந்து கனிமங்களுக்குள் தண்ணீரைப் பதுக்கி வைத்திருக்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் சூடும் அழுத்தமும் பிழிந்தெடுக்க, பதுக்கியதை மேலே இருக்கும் பாறையின் தலையில் கட்டிவிட்டுத் தன்பாட்டுக்கு இறங்கிப்போகிறது. தண்ணீர் சேர்ந்தால் பாறையின் உருகுநிலை குறைந்துவிடும். அத்தனை சூட்டிலும் கெட்டியாக இருந்த பாறை இப்போது உருகும். நெருப்பு மலைக்குத் தீ மூட்டுவது தண்ணீர்! உருகிய குழம்பு மேலேறும் வழியில் சிலிக்கா கூடிப் பிசுபிசுத்துப்போகும். உள்ளே கரைந்த நீராவி வெளியேற வழியில்லாமல் முட்டும்.

ஆகஸ்ட் 27 காலை பத்து மணிக்கு முட்டித் தீர்த்தது. தீவின் மூன்றில் இரண்டு பங்கைக் காணோம். சுமார் 4,800 கிலோமீட்டருக்கு அப்பால், ரோட்ரிக்ஸ் தீவின் போலீஸ் அதிகாரி ஜேம்ஸ் வாலிஸ் தூரத்தில் பீரங்கி முழங்குவதாகக் குறித்துவைத்தார். காற்றழுத்த அலை உலகத்தை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றியது. எழுந்த கடல் அலைகள், ஜலசந்தியின் இரு கரைகளிலும் ஊர் ஊராக, 36,000-க்கும் மேற்பட்டவர்களை விழுங்கின. அவர்களில் பெரும்பாலோர் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கப் போனவர்கள் இல்லை; அங்கேயே பிறந்து வாழ்ந்த ஜனங்கள்.

லௌடன் கப்பல்? அதே கப்பல் அன்றும் அங்கேதான் இருந்தது. கேப்டன் லிண்டெமான் அலைக்கு முதுகு காட்டாமல் நேரே அதன்மேல் ஏற்றி இறக்கினார்; தப்பித்தார்கள். துறைமுகத்தில் நின்ற 'பெரௌ' என்ற பீரங்கிப் படகை அதே அலைகள் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தன.

காரணம் கேட்டிருந்தால் அன்றைய பண்டிதர்கள், ஆறிச் சுருங்கும் பூமியில் விழுந்த வெடிப்பு என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் என்ற வானிலைக்காரர், கண்டங்களே நகர்கின்றன என்றார். புவியியல் பெரியவர்கள் பலர் சிரித்தார்கள். அவர் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் செத்துப்போனார். பெரியவர்களுக்கு ஞானம் பிறக்க 1960-கள் ஆயின. ஹாலிவுட்டுக்கு அப்போதும் பிறக்கவில்லை: ஜாவாவுக்கு மேற்கே கிடக்கும் கிரகடோவாவை 'ஜாவாவுக்குக் கிழக்கே' என்று தலைப்பிலேயே போட்டுப் படம் எடுத்தது.

1927-இல் அதே இடத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. அனாக் கிரகடாவ், 'கிரகடோவாவின் பிள்ளை' என்றே பெயர். 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலில் சரிந்து, எழுந்த சுனாமியில் 400-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தட்டு இன்றும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் டூர் போகிறவர்கள், படகு ஓட்டுகிறவர் லிண்டெமானா என்று விசாரித்துவிட்டு ஏறுங்கள்.