ஆளுக்கு ஒரு வெள்ளி

பல்கலைக்கழகச் செய்தி என்றால் இப்போது தரவரிசைதான். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உலகில் எட்டாவது என்று கியூஎஸ் அறிவித்தால், தேக்கா சந்தையில் மீன் வாங்குகிறவரும் நிமிர்ந்து நடக்கிறார். அங்கே என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பதில்லை.

1950களில் நம்மவர்கள் அதைத்தான் கேட்டார்கள். இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரவிருந்தது. சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்றார் ஆலோசனை சொல்ல வந்த நீலகண்ட சாஸ்திரியார். துறைமுகத் தொழிலாளியிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. 'தமிழ் முரசு' நாளிதழின் கோ. சாரங்கபாணி மட்டும், தமிழுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதி சேர்ந்தது. 1956இல் துறை பிறந்தது, தமிழோடு.

சில ஆண்டுகளில் துறை கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளி கொடுத்தவர்கள் சிராங்கூன் சாலையிலேயே நின்றார்கள். பிறகு சிம் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டப்படிப்பு வருவதற்குள் நூற்றாண்டே மாறிவிட்டது. 2017 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்.

இன்று பிள்ளை தமிழ் படிக்கப் போகிறேன் என்றால், "வேலை கிடைக்குமா?" என்கிறோம். வெள்ளி கொடுத்த தொழிலாளிக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவர் அவ்வளவு படித்தவர் அல்லர்.