முதல், கரு, உரி: எலிவேஷன் கணினிக்கு ஒரு சேமிப்பகத் திணையியல்

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பழைய வீடு இடிபடும் முன்பே, அங்கே வரப்போகும் அடுக்குமாடி ஃப்ளெக்ஸ் பேனராக வாசலில் வந்து நின்றுவிடுகிறது. 'எலிவேஷன்' எனப்படும் இப்படங்களை ரெண்டர் செய்து தருவோர் புதுக் கணினிக்கு எந்த டிரைவை வாங்குவது என்பதே இவ்வாய்வின் பொருள். அற்ப விஷயம் என்பார் ஒரு சனிக்கிழமை மாலை கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நின்று பார்க்க. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் போதும்.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். கணினிக்கும் இதுவே இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள்: விண்டோஸும் மென்பொருள்களும் குடியிருக்கும் சி டிரைவ் நிலம், அது பூட் ஆகும் நேரம் பொழுது. மரம், விலங்கு முதலியன கருப்பொருள்: மாடல்களும் டெக்ஸ்சர்களும். எலிவேஷன்காரரின் கருப்பொருள் கிடங்கைத் திறந்து பார்த்தால் மேப்பிள் மரங்கள், ஒரு கோல்டன் ரெட்ரீவர், அதைப் பிடித்தபடி கூலிங் கிளாஸ் அணிந்த வெள்ளைக்கார அம்மாள். இவர்களில் ஒருவரும் ராமகிருஷ்ண மடம் சாலையில் தென்பட்டதில்லை. பிற நிலத்துப் பூவும் பறவையும் மயங்கி வரலாம் எனத் தொல்காப்பியரே இசைந்திருக்கிறார். அந்தச் சூத்திரத்தில் நாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உரிப்பொருளாவது முடிந்த படம். பில்டரிடம் காசு பெயர்வது இதற்குத்தான்.

இனி முதற்பொருள். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி படிக்கும். ஜென் 4 என்விஎம்இ 7000 வரை போகும். "அப்படியானால் ஜென் 4 போட்டால் ரெண்டர் சீக்கிரம் முடியாதா?" எனின், முடியாது. படத்தைக் கணக்கிடுவது பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும். ஒரு ஃபிரேம் 20 நிமிடம் வெந்து 35 எம்பி கோப்பாக இறங்குகிறது என்க. வினாடிக்கு 150 எம்பி எழுதும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அதைக் கால் வினாடியில் எழுதிவிடும். உலகின் அதிவேக டிரைவை வாங்கினாலும் 20 நிமிடத்தில் மிச்சமாவது அந்தக் கால் வினாடி. ஒரு கொட்டாவிக்குக்கூட அது காணாது. ஆகவே முதற்பொருளுக்குச் சாட்டாவே போதும்.

விதிவிலக்கு உண்டு. வாக்த்ரூ வீடியோவைச் சுருக்காமல் 4கே அளவில் ஓட்டிப் பார்ப்போர்க்கு, 10 பிட் ஃபிரேம் ஒன்று 35 எம்பி வீதம் 24 ஃபிரேமுக்கு வினாடிக்கு 850 எம்பி வேண்டும். சாட்டா அங்கே திக்கும். படம் முடியும்வரை அந்த ஃபிரேம்களும் கருப்பொருளே. ஆகவே கருப்பொருளுக்கு என்விஎம்இ கொள்க. விலை மலிவு என்று க்யூஎல்சி வகையை எடுப்போர், பெரிய கோப்புகளை நகலெடுக்கையில் கேஷ் நிரம்பியதும் சில மாடல்களின் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே இறங்குவதைக் காண்பர். ஒரு டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது கடைக்காரர் செய்த மோசடியன்று. கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. இதன்பொருட்டு நிகழும் சண்டைகள் தனி ஆய்வுக்குரியன.

உரிப்பொருளுக்குப் பெரிய, மெதுவான ஹார்ட் டிஸ்க் போதும். ஆனால் இரண்டு வேண்டும். இரண்டையும் ரெய்டு 1-இல் பூட்டினால் பேக்கப் ஆயிற்று என்போர் கூற்று பொருந்தாது. ஒன்றில் கைதவறி அழித்தது மற்றதிலும் அக்கணமே அழியும். இரண்டும் ஒரே மேசைக்கடியில் இருத்தலும் கூடாது. 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் வந்த அடையாறு, மூலம் எது, நகல் எது என்று விசாரித்துக்கொண்டு வரவில்லை. சங்க நூல்கள் பிழைத்ததும் பிரதிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்ததால்தான். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகள் பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூல்நிலையத்தில் இருக்கின்றன. ஆகவே இரண்டாம் டிஸ்க்கை நங்கநல்லூர் அத்தை வீட்டு மாடி பீரோவில் வைக்க. அத்தைக்குப் புடவை மடிப்பு கலையாமல் இருக்கவேண்டும். வேறு ஆட்சேபம் இராது.

முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அகத்திணையியலின் உரைமரபு. ரிச்சி தெரு மரபு இதற்கு நேர்மாறானது. கொட்டேஷனில் ஜென் 4 முதலில் ஏறும். கூட்டுத்தொகை கைக்கு மீறியதும் பேனா கீழிருந்து அடித்துக்கொண்டே மேலே வரும். ஆய்வாளர் நின்ற கடையில் அது இவ்வாறு நிகழ்ந்தது.

"தம்பி, பேக்கப் டிஸ்க் வேணாமா?"

"அடுத்த மாசம் வாங்கிக்கலாம்ணா. அந்தக் காசுக்கு லைட் எரியிற ஃபேன் மூணு போட்டுக் குடுங்க."