ஜெர்பராவுக்கு என்ன ஆச்சு?

கேள்வி: பூவோடு வாங்கிவந்த ஜெர்பரா டெய்சிக்குக் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டேன். நடுக்குருத்தே அழுகிவிட்டது. ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: கொலைக் கருவியை நீங்களே ஒப்படைத்துவிட்டீர்கள்: சொம்பு! அடுத்த செடியை நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும்; கழுத்துவரை புதைக்க அது புதையல் அல்ல. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீருக்கு லீவு. விடும் நாளிலும் காலையில், தொட்டியோரமாக. உங்கள் ஊர் மதிய வெயில் வேண்டாம். காலை வெயில் போதும். பூவை வெட்டாமல் தண்டின் அடியைப் பிடித்துத் திருகி இழுங்கள். வெட்டினால் மிச்சத் தண்டும் அழுகும். பறிக்க மனசு வராதென்றால் இதைக் கேட்காதீர்கள்: ஒற்றைப் பூவாகத் தெரிவது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டுக்குடும்பம்!